கையைத் திருப்பிப் பார்த்த மிஸ்

காலை எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூட கேட்டில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து குட்மார்னிங் சொல்வார் பிரீகேஜி மிஸ். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. சில பிள்ளைகளைக் கை கொடுத்ததோடு விடமாட்டார். பிள்ளையின் கையைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். அப்போது அவர் உதடுகள் அசையும். மூன்று வயது மகளை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட முதல் நாளே அந்த உதடுகள் என்னை உறுத்தின. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவன் அல்ல. காய்காரர் தராசில் கல்லை வைத்தால் கல்லின் அடியைப் பார்ப்பேன். தறிக்காரனுக்கு அறுந்த இழையைத் தேடும் கண் என்று என் மனைவி கேலி செய்வாள். நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற சைவக் குடும்பம். குளித்ததும் திருநீறு பூசாமல் காபி கூடக் குடிக்கமாட்டோம். ஆனாலும் இங்கிலீஷ் நன்றாக வரும் என்று தெருவே பிள்ளைகளை அந்தக் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்தது, நாங்களும் சேர்த்தோம். சேர்த்த அன்று மாலையே மனைவியின் தம்பி வந்து திரியைக் கொளுத்திப் போட்டான். “ஸ்கூல் நல்ல ஸ்கூல்தான் மாமா. ஆனா பாத்துக்கினே இரு. அவங்க எதையும் சும்மா செய்ய மாட்டாங்க.”

அதன்பிறகு எல்லாமே எனக்குச் சாட்சியாயிற்று. மகள் சாப்பிடும் முன் கண்ணை மூடினாள். சாயங்காலம் வரும்போது நெற்றியில் திருநீறு இல்லை. மத்தியானம் தூங்கவைக்கும் முன் முகம் கழுவிவிடுவார்கள் என்றாள் மனைவி. எனக்குச் சமாதானம் ஆகவில்லை. வேண்டுமென்றே பத்து நிமிடம் நின்று கேட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மளிகைக் கடைக்காரர் மகனுக்கும் பேங்க்காரர் மகளுக்கும் மிஸ் வெறுமனே கை கொடுத்து அனுப்பிவிடுவார். எங்கள் தெருப் பிள்ளைகளின் கைகளை மட்டும்தான் திருப்பிப் பார்ப்பார். எங்களைப் போன்ற வீடுகளாகப் பார்த்து மந்திரிக்கிறார் என்றே முடிவு கட்டினேன். எல்கேஜி, யூகேஜி, ஒன்றாம் வகுப்பு என்று வருடங்கள் ஓடின. மிஸ் பிரீகேஜியிலேயே இருந்தார், கேட்டிலும் இருந்தார். ஒருநாளும் நேரில் போய்க் கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவன் எங்கே கேட்கிறான்?

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கையில் மனைவிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக நெய்கிற சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். நான் நடுவில் உட்கார்ந்தால், கரைக்கான நூலைக் கொண்டு ஓடும் நாடாக்கட்டையைத் தள்ள ஓரத்தில் இன்னொருவர் இருக்கவேண்டும். அது அவள் உட்கார்ந்த இடம். தறியில் இருந்ததோ ஒரு முகூர்த்தச் சேலை, நாள் நெருங்கிவிட்டது. பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம்தானே என்று மகளை ஓரத்தில் உட்காரவைத்தேன். முதல் இரண்டு நாள் விளையாட்டாகச் செய்தாள். மூன்றாம் நாளிலிருந்து பேசாமல் செய்தாள். தறியிலிருந்து எழுந்ததும் அவள் கையைத் தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புப் போட்டு நானே கழுவிவிடுவேன். தப்பு என்று தோன்றவே இல்லை என்று இன்று சொன்னால் அது பொய். தோன்றாதவன் எதற்காக அவ்வளவு தேய்த்துக் கழுவினான்?

அந்த நாட்களில் மிஸ் மகளின் கையை நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு திங்கட்கிழமை குனிந்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நேரே தலைமையாசிரியை சிஸ்டரின் அறைக்குப் போனேன். “எம்பொண்ணு கையப் புடிச்சிக்கினு தினம் இன்னா ஜபம் பண்றாங்க அந்த மிஸ்? படிக்க அனுப்புனா மதம் மாத்துவீங்களா?” என்று கத்தினேன்.

சிஸ்டர் மிஸ்ஸையும் என் மகளையும் வரச்சொன்னார். “கேட்டுல மிஸ் உங்கிட்ட என்னம்மா சொல்லுவாங்க?” என்று மகளிடம் கேட்டார்.

“இன்னிக்கு இன்னா டிபன்னு கேப்பாங்க சிஸ்டர்.”

ஐந்து வருடச் சந்தேகம் இட்லிக்கும் உப்புமாவுக்கும் நடுவில் போய் விழுந்தது. வெட்கமாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. மிஸ் மகளின் வலது ஆள்காட்டி விரலை எனக்கு நீட்டிக் காண்பித்தார். பக்கவாட்டில் ஜரிகை இழுத்த மெல்லிய கீறல்கள். “சார், பாப்பா காலையில கரப்பக்கம் உக்காருதா?” என்று கேட்டார்.

வேலை வாங்குகிறீர்களா என்று கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கரைப்பக்கம் என்பது தறி வீட்டில் வளர்ந்தவர் வாயில் மட்டும் வருகிற வார்த்தை. நான் விழிப்பதைப் பார்த்துத் தன் விரலையும் நீட்டினார். அதே இடத்தில் பழைய தழும்புகள். “நானும் ஏழு வயசுல உக்காந்தவதான் சார். நாலு வருசம். அப்பறம்தான் ஸ்கூலயே பாத்தேன். அதான் தறிவீட்டுப் பசங்க கையப் பாத்துக்கினே இருக்கறேன்.” அப்போதும் என் புத்தி, அப்படியென்றால் உன்னையும் மாற்றிவிட்டார்களா என்றுதான் ஒரு கணம் ஓடியது. அவ்வளவு கேவலமான புத்தி.

“அதெல்லாம் இல்லீங்க மிஸ். வெளாடசொல்ல கிழிச்சிக்கிச்சு,” என்றேன்.

மிஸ் மகளின் பக்கம் திரும்பினார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, “இல்ல மிஸ். நான் உக்காரல,” என்றாள். ஒரு தடுமாற்றம் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

மறுநாளிலிருந்து மகளை உட்காரவைக்கவில்லை. அடுத்த தெரு அக்கா ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தோம். சேலை தாமதமாகி வசவும் வாங்கினேன். இது எதையும் மிஸ்ஸிடம் சொல்லவில்லை, சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார். ஐந்தாம் வகுப்புக் கடைசி நாள்வரை தினமும் என் மகளின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். என்னை ஒருவர் நம்பாமல் இருப்பது நியாயம் என்று எனக்கு வாழ்க்கையில் தோன்றியது அப்போதுதான். மிஸ் பிறகு ஓய்வுபெற்று வாலாஜாபாத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கே போய்விட்டதாகக் கேள்வி.

மகள் இப்போது ஒன்பதாவது. போன மாதம் ஒருநாள் சாப்பிட்டு முடித்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தவளிடம், இத்தனை வருடம் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். “அன்னிக்கு ஏம்மா உக்காரலன்னு சொன்னே? நான் திட்டுவேன்னா?”

“இல்லப்பா. நீ அழுதுடுவேன்னு தோணிச்சு.” கொஞ்சம் எழுதிவிட்டுத் தானாகவே சொன்னாள். “அன்னிக்கு மத்தியானம் மிஸ் என்னைத் தனியாக் கூப்ட்டாங்க. அப்பா மேல கோவப்படாத, ஆனா மறுபடியும் உக்காரச் சொன்னா எங்கிட்ட வந்து சொல்லிடுன்னாங்க.”

எனக்குத் தெரியாமல் இவர்கள் இருவருக்கும் நடுவில் என்னவோ இருக்கிறது என்று ஐந்து வருடம் கேட்டில் நின்று காவல் காத்தேனே, காவலை விட்ட பிறகு நிஜமாகவே ஒன்று இருந்திருக்கிறது.

“நான் மறுபடியும் சொல்லியிருந்தா?”

“போயி சொல்லியிருப்பேன்,” என்றாள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். வலித்தது. ஆனால் அன்று சொன்னதுதான் பொய், இது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. இவள் இனி எங்கே போனாலும் பயமில்லை என்று இருந்தது.