வத்தைக்கு விட்ட லீவு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எந்த வீடு என்ன கொடுத்தது என்பது எவருக்கும் தெரியாமல் இருக்க முடியாது. மேனேஜர் அதைத் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிவிடுவார். அரிசிக் கடைக்காரரான அவர்தான் பள்ளிக்கூடத்தையும் நடத்திவந்தார். சர்க்கார் தந்தது அங்கீகாரம் என்ற காகிதம் மட்டும். மற்றதெல்லாம் ஊர் கொடுத்ததுதான். கோட்டைப்பட்டினத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகை. வாடைக் காற்று அடித்தால் கரும்பலகை ஆடும். ஆடுகிற எழுத்தைப் பார்த்தே படித்துப் பழகியவர்கள் நாங்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. ஆறாம் வகுப்பு வேண்டுமென்றால் சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையும் வேண்டும், நடுவில் தூண் நிற்காத பெரிய கூடம் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆண் பிள்ளைகளாவது அறந்தாங்கிக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சே இல்லை. ஐந்து முடிந்ததும் சிலேட்டைப் பரணில் போட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார வேண்டியதுதான். பக்கத்து வீட்டு அக்காவின் சிலேட்டு அப்படித்தான் பரணேறியது. அவள் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். ஓட்டுக் கூரை வராவிட்டால் அடுத்தது என் சிலேட்டுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு ஊர் கொட்டகையில் கூடியது. தட்டிக்குப் பின்னால் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டார். சுண்ணாம்பு சுடுவதற்கு இரண்டு வண்டி கிளிஞ்சல் என்றார் ஒருவர். கயிறு முழுவதும் என் பொறுப்பு என்றார் இன்னொருவர். வேலையாட்களுக்குக் கஞ்சி, ஓடு இறக்க மாட்டுவண்டி என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. பிள்ளையே இல்லாத ஒரு மாமி, சுவர்ப் பூச்சில் கலப்பதற்குத் தன் கோழிகள் இடுகிற முட்டை அத்தனையும் என்று தட்டிக்குப் பின்னாலிருந்தே குரல் கொடுத்தாள். மேனேஜர் ஒவ்வொன்றையும் திருப்பிக் கத்தினார். கூட்டம் மாஷா அல்லாஹ் என்றது. இவ்வளவு பெரிய மனசுள்ள ஊரிலா நாம் இருக்கிறோம் என்று எனக்கு வாய் பிளந்துவிட்டது.

கடைசியில் மேனேஜர், நான் அத்தா என்று கூப்பிடும் என் அப்பா பக்கம் திரும்பினார்.

"காக்கா, நீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

அத்தா பேச்சில் சிக்கனக்காரர். "பாப்போம்" என்றார்.

எங்கள் ஊரில் பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். தட்டிக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு தட்டி ஓலையைக் கிள்ளிக் கிள்ளி ஓர் ஓட்டையே போட்டுவிட்டேன்.

சுவர் எழுந்தது. கூரைக்கு வீடு கட்டும் ஆசாரியைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் மரவேலை என்றால் ஓடாவிதான், அதாவது படகு கட்டுகிறவர். கட்டுமாவடிக்காரர் அவர். எங்கள் கரையில் நின்ற வத்தைகளில் பாதி அவர் கைவேலை. பாய் விரித்து ஓடும் எங்கள் படகுக்குத்தான் வத்தை என்று பெயர். ஓடாவி அதுவரை ஒரு வீட்டுக்கும் கூரை போட்டதில்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை, அவரும்தான்.

அவர் ஆணியைத் தொடவில்லை. கைமரங்களைக் கயிற்றால் இழுத்துத் தைத்தார், வத்தைக்குப் பலகை தைப்பதைப்போலவே. எல்லாம் சரியாக வந்தது, முகடு ஒன்றைத் தவிர. இரண்டு பனந்துண்டுகளை ஒட்டி வைத்த முகடு, ஓடு ஏறுவதற்கு முன்பே நடுவில் தொங்கிவிட்டது. கூடத்தில் தூண் வைக்கக் கூடாது என்பதால் நீளமான ஒற்றை மரம் வேண்டும் என்றார் ஓடாவி. புதுக்கோட்டை மரக்கடையில் விலை கேட்டுவிட்டு வந்த மேனேஜருக்கு, நான் பார்த்து முதல் தடவையாகக் குரல் எழும்பவில்லை. வேலை நின்றது. கோடை லீவு ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அம்மா கொடுத்த தேத்தண்ணீரைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். எங்கள் வத்தையின் நிழலில் அத்தா வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓடாவி. தேத்தண்ணீரைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் பாய்மரத்தைத்தான். புன்னை மரம். அத்தாவின் அத்தா காலத்தில் வந்தது. ஒரு கணு இல்லை, ஒரு கோணல் இல்லை. அந்தக் கரையில் அதைவிட நெடிய மரம் யாருக்கும் கிடையாது.

ஓடாவி பார்த்ததை அத்தா பார்த்தார். வலை ஊசியை வலையிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்துபோய், பாய்மரத்துக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"வேணாம்ண்ணே," ஓடாவி பதறி எழுந்தார். "நான் சும்மாதான் பாத்தேன்."

"பாத்துட்டீங்கள்ல."

"கடலுக்குப் போற மரம்ண்ணே. பெறகு நீங்க எதை வச்சுப் போவீங்க?"

"எம் புள்ள அதுக்குக் கீழதான ஒக்காரப் போவுது," என்றார் அத்தா. "இம்புட்டு நாளும் என்னையத் தாங்குச்சு. அதையுந் தாங்கட்டும்."

அத்தா இவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் மரம் ஊருக்குள் வந்தது. நின்றபோது தெரியாத நீளம் படுத்தபோது தெரிந்தது. முன்னால் தூக்கியவர்கள் பள்ளிவாசல் முக்கில் திரும்பிய பிறகும் பின்னால் தூக்கியவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டவில்லை. ஏலேலோ போட்டுக்கொண்டு, படகைத் தள்ளும் அதே தாளத்தில் நடந்தார்கள். கடலில் எங்கேயோ விரல் அளவுக்குத் தெரிந்த மரம் எங்கள் வாசலை உரசிக்கொண்டு போனது. நான் அதற்கு முன்னால் நடந்தேன். ராஜா ஊர்வலத்தில்கூட யாரும் அப்படி நடந்திருக்க மாட்டார்கள்.

அம்மா வெளியே வரவில்லை. பிற்பகல் தொழுகையான அசர் நேரத்துக்கு மேல் கொல்லையில் நின்று, திரும்பி வருகிற பாய்களுக்கு நடுவில் எங்கள் மரம் தெரிகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். தெரிந்த பிறகுதான் சோற்றுக்கு உலை வைப்பாள். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று, மரத்தின் முனை கண்ணை விட்டு மறையும்வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய் உலையை வைத்தாள்.

"ஏம்மா காலையிலேயே ஒலை வக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"மரந்தான் வந்துருச்சுல்ல," என்றாள்.

கூரை முடிந்த அன்று ஊர் மறுபடி கூடியது. மேனேஜர் கொடைகளை முதலிலிருந்து கத்தினார். கிளிஞ்சல், கயிறு, மாமியின் முட்டை என்று எல்லாம் முழங்கியது. அத்தாவின் முறை வந்ததும் கொஞ்சம் திணறினார். இதை எப்படிச் சொல்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. "ஒரு மரம்" என்றார். அவ்வளவுதான். யாரோ கொல்லையில் கிடந்த கட்டையைத் தூக்கிக் கொடுத்ததைப்போல! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அத்தா தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வாசற்படியிலேயே மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். மரம் உப்புக் காற்றில் கெடாமல் இருக்க வத்தைக்குச் சுறா எண்ணெய் பூசுவது வழக்கம். ஓடாவி அதே நல்லெண்ணத்தில் கூரைக்கும் முகட்டிலிருந்து இறவாரம்வரை தாராளமாகப் பூசியிருந்தார். எங்களுக்கு அது ஒரு வாசனையாகவே தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார். வளைந்த கைமரங்கள், கயிற்றுத் தையல், நடுவில் நெட்டென்று ஓடும் புன்னை மரம்.

"என்னய்யா இது? படகைக் கவுத்துப் போட்டு வச்சிருக்கீங்களா?"

பதில் சொல்ல வேண்டிய மேனேஜர் ஓடாவியைத் திரும்பிப் பார்த்தார். ஓடாவிதான் முன்னால் வந்தார்.

"கீழ இருந்து வர்ற தண்ணியவே உள்ள விட மாட்டோமுங்க. மேல இருந்து வர்றத விட்டுருவமா?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு திறந்தது. வருஷத்துக்கு ஒன்றாக எட்டாம் வகுப்புவரை ஏறும் என்றார்கள். என் சிலேட்டு பரணேறவில்லை. காற்று வீசும்போதெல்லாம் தலைக்கு மேலே மரம் முனகும். புதிதாக வந்த வாத்தியார் பயந்து வெளியே பார்ப்பார். நாங்கள் சிரிப்போம். அது எங்கள் மரம் என்று நாளுக்கு ஒருவரிடமாவது சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் வத்தை கரையில் கிடந்தது. அத்தா அடுத்தவர் வத்தைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். சில நாள் அவர்களுடைய வலைகளை இழுத்தார், சில நாள் மீன் கூடைகளைச் சுமந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் அந்த மொட்டை வத்தைக்குள் ஏறி விளையாடுவோம். வெயிலில் பலகை வெடித்து, தையல் கயிறு அங்கங்கே விட்டுப்போயிருந்தது. ஒருநாள் மீன் கூடையோடு போன அத்தாவை நிறுத்திக் கேட்டேன்.

"நம்ம வத்த ஏந்த்தா இன்னுங் கடலுக்குப் போவல?"

அத்தா கூடையை இறக்காமலே, "அதுக்கு லீவு விட்டுருக்கு" என்றார்.

"எப்ப முடியும்?"

"நீ எட்டு முடிக்கவும் முடியும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்களுக்கே கோடையில்தான் லீவு. வத்தைக்கு வருஷக் கணக்கில் லீவு! ஓடிப்போய் விளையாடிக்கொண்டிருந்த எல்லாரிடமும் சொன்னேன். விடிந்தால் கடலுக்குள் போய் அலையில் அடிபட்டுத் திரும்பும் அவர்கள் வீட்டு வத்தைகளை நினைத்தபோது, அதுகளுக்கு ஒருநாள்கூட லீவு கிடைக்கவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.