அறுபத்தொரு வீதம்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பலாம். எனக்குக் கோபம் இல்லை. போன மாதம் வரை நானும் உங்கள் கட்சிதான். பேய் கண்டேன் என்று யாராவது வாயைத் திறந்தால் பகிடி பண்ணியே துரத்திவிடுவேன். ஆனால் இது எனக்கு நடந்தது. நள்ளிரவில் இல்லை. மழை இல்லை, மின்வெட்டு இல்லை. பட்டப்பகல். ஒரு வெள்ளிக்கிழமை, கொக்குவிலில், என் வீட்டு முன்னறையில்.

என் பெயர் ஜொனதன். லப்டொப் திருத்துவது தொழில். பழைய லப்டொப்பில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி போடுவது எனக்குச் சோறு தின்பது மாதிரி. பழசில் இருப்பதை அப்படியே புதுசுக்குப் பிரதி எடுக்க வேண்டும், பிறகு புதுசைப் பூட்ட வேண்டும். ஆமை மாதிரிக் கிடந்த லப்டொப் ஓடத் தொடங்கிவிடும். இதில் பேய்க்கு என்ன வேலை?

அன்று காலை குருநகரில் இருந்து ஜெசிதா என்றொரு பிள்ளை வந்தாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். கையில் ஒரு பழைய லப்டொப், கூடவே பெட்டி பிரிக்காத ஓர் எஸ்.எஸ்.டி.

"அண்ணை, ரெண்டு வருசமா எழுதின ஆய்வு இதுக்குள்ளை கிடக்கு. திங்கட்கிழமை குடுக்கோணும். குடுக்காட்டி இன்னொரு வருசம் நிக்கோணும்."

"வேறை எங்கையும் பிரதி வைக்கேல்லையோ?"

"பென்ட்றைவ் பழுதாப் போச்சு."

படித்த பிள்ளைகள் செய்கிற வேலை இது! வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"லப்டொப் ஆற்றை, உம்மடையோ?"

"எங்கடை அண்ணையின்ரை. அவர்தான் எங்கையோ பழசா வாங்கினவர். ரெண்டு பேரும் பாவிச்சனாங்கள்." லப்டொப் மூடியைத் தடவினாள். "அண்ணை இப்ப இல்லை. எஸ்.எஸ்.டியும் அவர் வாங்கி வைச்சதுதான்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பின்னேரம் வரச் சொல்லி அனுப்பினேன்.

மனைவியும் பிள்ளையும் மாமி வீட்டுக்குப் போயிருந்தார்கள். கேற்றை உள்ளே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, சாப்பிட்டு, ஒன்றரை மணிக்கு மேசையில் குந்தினேன்.

லப்டொப்பைக் கவிழ்த்தேன். அடி மூடியில் பத்துத் திருகாணி இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருந்தது. அந்த ஒன்பதும் இறுக்கப்படவில்லை. விரலால் திருப்பவே கழன்று வந்தன. யாரோ எனக்கு முதல் திறந்து, பாதியில் விட்டிருக்கிறார்கள்.

எவனோ அரைகுறை என்று திட்டிக்கொண்டு டிஸ்கை வெளியே எடுத்தேன்.

டிஸ்கையும் எஸ்.எஸ்.டியையும் என் கணினியில் வயரால் கொழுவியதும் சத்தம் தொடங்கியது.

டக்... டக்... டக்...

சாகப் போகிற டிஸ்க் போடுகிற சத்தம் அது. எனக்குப் பழக்கம். மேசையில் கிடந்தபடி அது ஓட மறுத்தது. சில டிஸ்குகள் சாய்த்துப் பிடித்தால் ஓடும். கையில் எடுத்து ஒரு பக்கம் சரித்தேன். பிரதி ஏறத் தொடங்கியது. மேசையில் வைத்தேன், நின்றது. திரும்ப எடுத்தேன், ஓடியது.

விளங்கியது. முடியும் வரை கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே வைத்தால் அந்தப் பிள்ளையின் இரண்டு வருடம் போய்விடும்.

திரையில் நூற்றுக்கு இரண்டு வீதம்... ஐந்து... ஒன்பது...

இரண்டு மணி ரயில் போனது. வெயிலில் ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. இருபத்திரண்டு வீதம் ஏறியபோது வெளியே ஓர் ஆணின் குரல் கேட்டது.

"அதை வையடா."

கரகரத்த குரல். ஆத்திரமான குரல். யாரோ ஒழுங்கையில் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். ஒழுங்கையில் ஒரு குருவியும் இல்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அந்தக் குரல் வந்தபோது டிஸ்கின் சத்தம் நின்றது. குரல் ஓய்ந்ததும் திரும்பத் தொடங்கியது.

டக்... டக்... டக்...

முப்பது. முப்பத்தெட்டு. கை கடுத்தது. டிஸ்க் சுட்டது. சூடாவது வழக்கம்தான். ஆனால் இது அடுப்பில் இருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சுட்டது. துவாயைச் சுற்றிப் பிடித்தேன்.

நாற்பத்தைந்து.

சத்தம் நின்றது.

"உதை வையடா."

இந்த முறை ஒழுங்கையில் இல்லை. என் முன்னறை யன்னலடியில்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு 'உதை' என்றால் காலால் கொடுப்பது. எங்களுக்கு அது வேறு. தூரத்தில் இருப்பதை 'அதை' என்போம். தன் கையருகில் இருப்பதை 'இதை' என்போம். கேட்டுக்கொண்டிருப்பவனுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் 'உதை'.

அப்படியென்றால் அவன் என்னைத்தான் சொல்கிறான். என் கையில் இருப்பதைத்தான் சொல்கிறான்.

"ஆரது?" என்று கத்தினேன்.

யன்னல் திறந்துதான் கிடந்தது. வெளியே மதில் தெரிந்தது. கேற்றில் சங்கிலி போட்டபடியே தொங்கியது.

எழும்பி ஓடியிருக்கலாம். ஆனால் வைத்தால் பிரதி நிற்கும். அந்தப் பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்தது. கொஞ்சம் வீம்பும்தான், மறைக்கவில்லை. என் வீட்டில் நின்று எனக்கு ஒருவன் 'அடா' போடுவதா?

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஐம்பத்திரண்டு...

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்று வரவில்லை.

ஐம்பத்தெட்டு...

கதிரையின் பின்பக்கம் மெல்ல அழுந்தியது. யாரோ அதில் கை ஊன்றியது போல.

அறுபது...

நான் திரும்பவில்லை.

அறுபத்தொன்று...

சத்தம் நின்றது.

"இதை..."

காதுக்குள். சூடான மூச்சோடு.

"...வையடா."

டிஸ்கை எறிந்தேன். வயர் இழுபட்டது. கதிரை விழுந்தது. செருப்பும் இல்லாமல் ஒழுங்கைக்கு ஓடினேன். சங்கிலியை எப்படிக் கழற்றினேன் என்று இன்றுவரை தெரியாது.

பின்னேரம் ஜெசிதா வரும் வரை ஒழுங்கை முகப்புக் கடை வாசலில்தான் நின்றேன். அவளிடம் உண்மையைச் சொல்ல வெட்கம். டிஸ்க் கைதவறி விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. அழுதாள். அது அதைவிட மோசம். அவளே முன்னறைக்குள் நுழைந்து லப்டொப்பையும் டிஸ்கையும் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை திரும்ப வந்தாள். சுன்னாகத்தில் கடை வைத்திருக்கும் லெனாட்டிடம் வேலையைக் கொடுத்திருந்தாள். லெனாட் எனக்குத் தெரிந்த பொடியன், கெட்டிக்காரன். டிஸ்கை எப்படியாவது ஓட வைக்கலாம், பிரதி எடுக்க எஸ்.எஸ்.டி வேண்டும் என்றானாம். அது என் மேசையில் வயரோடேயே கிடந்தது. அவளை விறாந்தையில் நிற்க விட்டு, போய் எடுத்து வந்தேன். பாதி ஏறிய பிரதி அதற்குள் இருந்தது.

கொடுக்கக் கை நீட்டியபோது மனம் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அந்த மூன்று சொற்களையும் அப்படியே சொன்னேன்.

அவள் வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அண்ணை... உங்களுக்கு ஆர் சொன்னது?"

"என்னத்தை?"

அவள் போனை எடுத்தாள். வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. அவளுடைய அண்ணன் எமில்ராஜ் கடைசியாக அனுப்பியது.

"ஜெசி, லப்டொப்பைக் கழட்டிப் போட்டன். புது எஸ்.எஸ்.டி போடப் போறன். உன்ரை ஆய்வுக்கு ஒண்டும் நடக்காது, பயப்பிடாதை."

பின்னால் சத்தம் கேட்டது. டக்... டக்... டக்...

நின்றது.

"இதை வையடா."

அதே குரல்.

எமில்ராஜ் சிரித்தான். "ஆரடா நீ? வைக்க மாட்டன், போ."

பதிவு அவ்வளவுதான்.

"சிநேகிதப் பொடியன் ஆரோ பக்கத்திலை நிண்டவன் எண்டுதான் நாங்கள் நினைச்சம்," என்றாள் ஜெசிதா. "ஆனா வீடு உள்ளாலை பூட்டிக் கிடந்தது. கதவை உடைச்சுத்தான் போனவை. கதிரையிலை இருந்தபடியே செத்துப் போயிருந்தார். மாரடைப்பு எண்டு ஆசுப்பத்திரியிலை சொன்னவை. இருபத்தேழு வயசு."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"லப்டொப்பைத் திரும்பப் பூட்டினது நான்தான். அவர் ஒரு கையைப் பொத்திப் பிடிச்சிருந்தவர். விரிச்சுப் பாத்தால் சின்ன ஆணி ஒண்டு."

பத்தாவது ஆணி.

உடனே லெனாட்டுக்குப் போன் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"லெனாட், அந்தப் பிள்ளையின்ரை டிஸ்க் எங்கை?"

"கையிலைதான் அண்ணை. சாய்ச்சுப் பிடிச்சால் ஓடும் போலை கிடக்கு. ஆனா இஞ்சை ஒரு விசரன் கடைக்கு வெளியிலை நிண்டு கத்துறான். ஆளைக் காணேல்லை, சத்தம் மட்டும் வருது."

"என்னெண்டு?"

"'அதை வையடா' எண்டு."

"வை! கையிலை இருக்கிறதை உடனை வை, லெனாட்!"

"உங்களுக்கும் விசரோ அண்ணை?"

"அண்ணா, வையுங்கோ!" ஜெசிதா அலறினாள். "கும்பிட்டுக் கேக்கிறன், வையுங்கோ!"

அந்தப் பக்கம் எதையோ மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி, சரி. வைச்சிட்டன். ஏன் அழுறியள்? டிஸ்க் சத்தமும் நிண்டு போச்சு. இனி ஓடாது போலை."

எனக்கு மூச்சு வந்தது. ஜெசிதா சிலுவை போட்டாள்.

அப்போது போனுக்குள் இருந்து... லெனாட்டின் குரல் இல்லை.

"உதை வையடா."

உதை... லெனாட் கீழே வைத்துவிட்டான். அவன் கையில் ஒன்றும் இல்லை.

மெல்லக் குனிந்து பார்த்தேன். என் இடது கையில் எஸ்.எஸ்.டி. உள்ளே அசையும் பாகம் ஒன்றுமே இல்லாத பொருள். சத்தமே போட முடியாத பொருள்.

டக்... டக்... டக்...

முன்னறைக்குள் ஓடிப்போய் அதை மேசையில் வைத்தேன். அறையைப் பூட்டினேன்.

ஒரு மாதம் ஆகிறது. இப்போது விறாந்தையில்தான் வேலை. பழைய டிஸ்க் அதற்குப் பிறகு ஓடவே இல்லை என்று லெனாட் சொன்னான். ஜெசிதாவின் திங்கட்கிழமை போய்விட்டது. அடுத்த வருடமாவது கொடுக்கலாம் என்ற ஒரே நம்பிக்கையில் கிழமைக்கு ஒருமுறை போன் எடுக்கிறாள். ஒரே கேள்வி. அவளுடைய ஆய்வு புதுசில் ஏறியிருக்குமா?

அந்த அறுபத்தொரு வீதத்துக்குள் அது இருக்கலாம். எனக்குத் தெரியாது.

பார்ப்பதென்றால் யாராவது அதைக் கையில் எடுக்க வேண்டும்.