கடையில் உறைந்து நின்ற கோபுரம்

தக்கலையில் சொந்தமாகக் கட்டட வரைபட அலுவலகம் தொடங்குவதற்காக, இருந்த வேலையை விட்டிருந்தேன். கம்ப்யூட்டர் வாங்க நாகர்கோவில் கடைக்குப் போனபோது மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு பெரிய திரையில் மயங்கி, அந்தக் கம்ப்யூட்டரையே எடுக்கச் சொன்னேன்.

“ஏட்டி, உன் வரைபடத்த இதுல ஓட்டிப் பாத்தியா?”

திரும்பினால், என்னோடு படித்த ஸ்டெல்லா. ஊர்த் தேவாலயத்தின் வரைபட வேலை அவள் கையைவிட்டுப் போய் என்னிடம் வந்ததிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.

என் பென் டிரைவில் அந்தத் தேவாலயத்தின் வரைபடம்தான் இருந்தது. தயங்கியபடியே திறந்து, முப்பரிமாணத்தில் திருப்பினேன். கோபுரம் பாதியில் உறைந்து நின்றது. அந்தக் கம்ப்யூட்டரால் அதை இழுக்க முடியவில்லை.

“திரை சின்னதா இருக்கட்டு. நல்ல கிராபிக்ஸ் கார்டும் கூடுதல் மெமரியும் போடச் சொல்லு,” என்றவள், திரையையே சற்று நேரம் பார்த்தாள். “கோபுரம் நல்லாருக்கு மக்கா.”

அவள் சொன்னபடியே வாங்கினேன். தேவாலயம் தடையில்லாமல் சுழன்றது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.