நத்தைப் பாவம்

உயிர்க்கொலை மகாபாவம் என்று சபையில் பேசுகிறீர்களே, உங்கள் வீட்டுக் கொல்லையில் நசுக்க வேண்டியதை நசுக்குவது யார்? நீங்களா? பதில் சொல்லச் சங்கடமாக இருந்தால், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மாரியாயி என்ற பெண்ணுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ரயில்வே ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சபாபதி வீட்டில் பாத்திரம் துலக்குவதும் துணி துவைப்பதும் அவள் வேலை. சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது. தாகமென்றால் கிராணியின் மனைவி இராஜம்மா எட்ட நின்று கொட்டாங்கச்சியில் ஊற்றுவார். மாரியாயியின் கணவன் வேலாயுதத்துக்குக் கிள்ளான் பக்கம் தண்டவாள வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். அந்த வேலையும் கிராணியின் சிபாரிசில் வந்ததுதான். வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் ஒரு மூலையைச் சாக்கால் மறைத்து, நான்கு வயது மகள் செங்கமலத்தோடு மாரியாயி குடியிருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருடம் கிராணிக்கு மீன் ஆசை பிடித்தது. வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்துவிட்டார். அதே போல் தனக்கும் ஒன்று வேண்டும். இரும்புச் சட்டம் போட்ட தொட்டி கூடத்துக்கு வந்தது. பெத்தாலிங் ஸ்திரீட் கடைகளுக்குப் போய், சண்டைமீன், செப்பாட், வால் நீண்ட பொன்மீன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வந்து ஒன்றாகக் கொட்டினார். மறுநாளே சண்டைமீன்கள் இரண்டும் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டு மிதந்தன.

மாரியாயி கிள்ளான் ஆற்றங்கரையில் வளர்ந்தவள். மீனின் குணம் அவளுக்குத் தெரியும்.

"சண்டைமீனைத் தொட்டியில விடாதீங்க ஐயா. போத்தல்ல தனியா வைக்கணும். சின்ன செப்பாட் சாது, பொன்மீனோட ஒத்துப்போகும். பெரிசு வாங்கினா விரட்டும்."

கிராணி அப்படியே செய்தார். வந்தவர்களிடம், "எது எதோடு சேரும் என்று ஆராய்ந்துதான் விட்டிருக்கிறேன்" என்றார். தொட்டிக்குள் யார் யாரோடு சேரலாம் என்பதில் அவ்வளவு கவலை! அவள் மட்டும் சமையலறை வாசற்படியோடு நிற்க வேண்டும்.

அப்புறம் துரை தம் குளத்திலிருந்து ஒரு கட்டுப் பாசிச்செடி கொடுத்தனுப்பினார். இலைக்கு அடியில் பசை போல் முட்டை ஒட்டியிருந்ததை மாரியாயி பார்த்தாள்.

"நத்தை முட்டைங்க அம்மா. உப்புத் தண்ணியில அலசிட்டுப் போடலாம்."

"துரை குடுத்த செடியில குத்தம் கண்டுபிடிக்கிறியா? பேசாம இருடி!" என்றார் இராஜம்மா.

ஒரே மாதத்தில் கண்ணாடி முழுக்க நத்தை. மீன் பசித்திருக்கக் கூடாதென்று இராஜம்மா தினம் இரண்டு பிடி சோறு போடுவார்; மிச்சத்தைத் தின்று நத்தை பெருகியது. "சோத்தைக் குறைச்சாலே நத்தை குறையும்" என்று மாரியாயி சொன்னாள். வாயில்லா ஜீவனைப் பட்டினி போடச் சொல்கிறாளே என்று அம்மாள் கண் கலங்கினார். அன்றைக்கு மாரியாயிக்குப் பழைய சோறும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நத்தையைக் கொன்றாக வேண்டும். ஆனால் அது சைவக் குடும்பம்.

"எங்க கையால எறும்பைக்கூடக் கொல்லமாட்டோம்" என்றார் இராஜம்மா. "நீ பொறுக்கிட்டுப் போயி கொல்லையில கல்லால நசுக்கிடு."

"பாவமில்லீங்களா அம்மா?"

"செய்யற கைக்குத்தான்டி பாவம். எங்களுக்கென்ன?" அம்மாள் தம் பேச்சைத் தாமே ரசித்துச் சிரித்தார்.

மாரியாயி மாலையில் ஒரு கீரை இலையைத் தொட்டியில் அழுத்தி வைப்பாள். விடிந்ததும் இலை நிறைய நத்தை மொய்த்திருக்கும். எடுத்துப் போய்த் துணி துவைக்கும் கல்லில் வைத்து நசுக்குவாள். அந்த ஓசை கேட்கும்போதெல்லாம் உள்ளே அம்மாள் "சிவ சிவா" என்பார். இப்படி நாலு மாதம்.

சபாபதியின் மகளைப் பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். கூடத்துக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது தொட்டியைத்தான். அந்த வாரம் வியாழக்கிழமை செங்கமலத்துக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. மூன்று சாக்கு போர்த்தியும் குழந்தை நடுங்கியது.

வெள்ளிக்கிழமை காலை மாரியாயி கிராணியின் முன்னால் நின்றாள். "புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன் ஐயா. மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்."

"தொட்டியில ஒரு நத்தை இருக்கக் கூடாது. முடிச்சிட்டுப் போ."

"கை வச்சி முடியாதுங்க. குஞ்சு குஞ்சாக் கிடக்கு."

"அப்ப இரு. மீறிப் போனா அப்படியே போயிடு. வேலாயுதத்துக்கும் சேர்த்துச் சீட்டைக் கிழிச்சிடுறேன்."

அவள் யோசித்தாள். கிள்ளான் ஆற்றில் பேத்தை மீன் உண்டு. கையில் எடுத்தால் பந்து போல் ஊதிக்கொள்ளும். கிளி மூக்கு மாதிரிப் பல். நத்தை ஓட்டைப் பொரிகடலை போல் கடிக்கும். தண்டவாள ஆள் ஒருவனிடம் சொல்லியனுப்பினாள். வேலாயுதம் மண்ணெண்ணெய்த் தகரத்தில் இரண்டு பிடித்து அன்று மாலை ரயிலிலேயே அனுப்பிவிட்டான்.

சனிக்கிழமை காலை பேத்தைகள் வேலையைத் தொடங்கின. கடக் கடக் என்று கூடம் முழுக்கக் கேட்டது. இந்த முறை யாரும் "சிவ சிவா" என்று சொல்லவில்லை. வீட்டார் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஐயா, நத்தை தீர்ந்ததும் இது பொன்மீன் வாலைக் கடிக்கும். சாயங்காலம் வெளியே எடுத்துடணும். வலை போட்டு அள்ளினாப் போதும். நான் இப்பப் போகட்டுங்களா?"

"அதை யாரு தொடறது? நீயே இருந்து எடு."

இருந்தாள். நடுநடுவே கொட்டகைக்கு ஓடி, குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். "தண்ணி, தண்ணி" என்றது குழந்தை. குடித்ததைக் கக்கியது. சாயங்காலம் அவள் வலையை எடுத்தபோது கிராணி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"மூலையில இன்னும் நாலு இருக்கு. காலையில எடுக்கலாம்."

"வாலு போயிடுங்க ஐயா!"

"எனக்குப் பாடம் சொல்றியா? வலையை வை."

ஞாயிறு விடிந்தபோது தொட்டியில் ஒரு நத்தை இல்லை. இரண்டு பொன்மீன்களுக்கு வாலும் இல்லை.

"வேணும்னே செஞ்சியாடி?" கிராணி அவள் தலைமயிரைப் பற்றிச் சுவரில் மோதினார். "பத்து மணிக்குள்ள பெத்தாலிங் ஸ்திரீட்ல புதுசு வாங்கிட்டு வா. ஓடு!"

மாரியாயி ஓடினாள். கொட்டகைக்கு ஓடி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே டாக்டருக்கு உதவியாளரான டிரெசர் குழந்தையின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

"காய்ச்சல் எப்ப வந்தது?"

"வியாழக்கிழமைங்க."

அவர் நாட்களை விரலில் எண்ணினார். கொயினா மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மத்தியானம் செங்கமலம் செத்துப்போனாள்.

அதே மத்தியானம் கிராணி வீட்டில் பலகாரம் பரிமாறினார்கள். வாலறுந்த மீன்களை வாளியில் மறைத்தாயிற்று. "இவ்வளவு சுத்தமா! ஒரு நத்தைகூட இல்லையே!" என்று சம்பந்தி வியந்தார். பெண் பிடித்துவிட்டது.

குழந்தையைப் புதைத்துவிட்டு மாரியாயியும் வேலாயுதமும் வந்தபோது, அவர்கள் சட்டிபானை சந்தில் கிடந்தது. பின்வாசலில் இராஜம்மா நின்றார். அவர் குரலில் கோபமில்லை. கோவிலில் கதை கேட்டவர் பேசும் சாந்தம் இருந்தது.

"எத்தனை உயிரை நசுக்கினே மாரியாயி? சும்மா விடுமா?"

சபாபதி அவள் தலையைச் சுவரில் மோதியது பெரிய கொடுமையல்ல. இந்த வாக்கியம்தான் பெரிய கொடுமை. ஏனென்றால் மாரியாயி அதை நம்பிவிட்டாள்.

இப்போது அவள் சாலாக் சவுத்தில் ஒரு சீனருடைய காய்கறித் தோட்டத்தில் களை பறிக்கிறாள். வேலாயுதம் மண் சுமக்கிறான். கீரைப் பாத்தியில் நத்தை கண்டால் அவள் நசுக்கமாட்டாள். இலையில் ஏந்திக்கொண்டு போய் வேலியோரம் விட்டு, ஏதோ முணுமுணுத்துவிட்டு வருவாள். முதலாளி திட்டுகிறார். திட்டட்டும். அவள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. "இதுக்கும் காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன ஆகப்போவுது? பாவம் போக வேண்டாமா? பூசாரிகிட்டத்தான் போவணும்" என்று பக்கத்துக் குடிசைக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒருவர் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். ஆகவே நீங்கள் எல்லாரும் போங்கள். சாலாக் சவுத் ஸ்டேஷனில் இறங்கி மாரியாயி எங்கே என்று கேளுங்கள். காய்ச்சல் கொசுவால் வருகிறது, உன் மகளை நத்தை கொல்லவில்லை, இரண்டு நாள் உன்னை நிறுத்தி வைத்தவர்கள் கொன்றார்கள் என்று சொல்லுங்கள். பத்துப் பேராகப் போய்ச் சொல்லுங்கள். பிள்ளை பிறப்பதற்குள் போங்கள்.