என் வீட்டில் ஊதிய சாவுக்கொம்பு

கொல்லிமலைக்கு என்னை மாற்றியபோது உடன் வேலை பார்த்த நர்சுகள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார்கள். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். அங்கே நர்சுக்குத் தனி வீடு என்று கேள்விப்பட்டிருந்தேன். தனி வீடு என்றால் என் ஜாஸ் இசைத்தட்டுகளை யாருக்கும் பயப்படாமல் போட்டுக் கேட்கலாம்.

இது அறுபதுகளில் நடந்தது. பிரசவம் பார்க்கும் பயிற்சிக்காக நான் சென்னையில் இருந்தபோது எங்கள் விடுதிக்குப் பொறுப்பாக ஓர் ஆங்கிலோ இந்திய சிஸ்டர் இருந்தாள். ஜாஸ் பைத்தியம். அவள் அறையில் துணி மடித்துக்கொண்டே கேட்டுக் கேட்டு அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் விற்றவள், பேட்டரியில் ஓடும் ரெக்கார்டு பெட்டியையும் சில தட்டுகளையும் மட்டும் விற்க மனமில்லாமல் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுக் குவியலைக் கிளறிக்கொண்டிருப்பேன். அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் வாங்குவேன். கன்னம் உப்பி, கண்ணை மூடி ஒருவர் ஊதிக்கொண்டிருந்தால் நல்ல தட்டு. இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது. ஒருமுறை மட்டும், கன்னம் உப்பிய ஓர் ஆள் பிரெஞ்சு பாஷை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மலைக்கு வருவதற்கு முன் கீழே குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு சுகாதார ஆய்வாளர். நான் தட்டைப் போட்டதும் சுவரைத் தட்டுவார். "உங்க ஊட்டு மாட்டுக்கு ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று ஒருநாள் நேரில் வந்தே கேட்டார். என்னிடம் மாடு கிடையாது. அது அவருக்கும் தெரியும். அந்த ஆளிடமிருந்து தப்பித்து கொல்லிமலையில் எடப்புளி நாடு என்கிற பகுதியில் ஒரு மேட்டு ஊருக்கு வந்து சேர்ந்தபோது, சுவரைத் தட்டுவதற்குப் பக்கத்தில் வீடே இல்லை என்பதைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

ஆனால் மலைக்கும் தட்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். தட்டுகளில் பூஞ்சணம் பூக்கும். சர்க்கார் கொடுத்த பஞ்சை வைத்துத் துடைத்துத் துடைத்து, புடவை மடிப்புகளுக்கு நடுவே நிற்கவைத்துப் பெட்டியில் பூட்டுவேன். பேட்டரிக் கட்டை வேண்டுமென்றால் மிளகு விற்கப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குகிறவர்களிடம் சொல்லி அனுப்ப வேண்டும். கட்டை வரும். சந்தைக்கடையில் எத்தனை காலமாகத் தூங்கிய கட்டையோ, பாதி உயிரோடுதான் வரும்.

இதெல்லாம் சின்னக் கவலை. பெரிய கவலை, பிரசவத்துக்கு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. அந்த ஊரில் ஒரு மருத்துவச்சி இருந்தாள். அங்கே ஓடி விளையாடிய பிள்ளைகள் அத்தனையும் அவள் கையில் விழுந்தவை. என்னைப் பார்த்தால் சிரிப்பாள், குச்சிக்கிழங்கு கொடுப்பாள், "சாப்பிட்டியா அம்மிணி?" என்பாள். வீட்டுக்குள் வலி எடுத்தவள் ஒருத்தி இருந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வாள். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரியம்மா போகும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: "பொங்கலுக்குள்ள ஒரு பிரசவமாவது பார்க்கணும். இல்லேன்னா இந்த சென்டரை மூடிட்டு உன்னைப் பழைய இடத்துக்கே அனுப்பிடுவேன்." பழைய இடம் என்றால் அந்தச் சுவர். அதைத் தட்டும் அந்தக் கை.

மார்கழி பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு காலையில் எனக்குச் சளி பிடித்து உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தது. மனசும் சரியில்லை. என்னிடம் இருந்ததிலேயே துள்ளலான தட்டை எடுத்துப் போட்டேன். சிஸ்டர் அதைப் போட்டால் விடுதி வராந்தாவில் நாங்கள் ஆடாமல் நின்றதில்லை. கட்டையில் சக்தி இல்லாததால் தட்டு மெல்ல மெல்லச் சுற்றியது. துள்ளிக் குதித்து வரவேண்டிய ட்ரம்பெட், முழங்கால் வலிக்காரர் படி ஏறுவது போல நின்று நின்று முனகியது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கிருந்த மனநிலைக்கு அந்த வேகம்தான் பொருத்தமாக இருந்தது. கதவைக்கூடச் சாத்தாமல், வெள்ளைப் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். அப்படியே தூங்கிவிட்டேன்.

அந்த மலையில் யாராவது இறந்தால் கொம்பு ஊதுவார்கள். நீளமாக, இழுத்து இழுத்து ஊதுவார்கள். அது காதில் விழுந்தால் ஏர் நின்றுவிடும், களைக்கொத்து தோளுக்கு ஏறிவிடும், எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கு எல்லாரும் நடந்துவிடுவார்கள். துக்க வீட்டுக்குப் போனவர் ஓடையில் முழுகாமல் இன்னொரு வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்காரி மட்டும் துக்கத்துக்குப் போகவே கூடாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒப்பாரிச் சத்தம் கேட்டு விழித்தேன். பாவம், யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று போர்வைக்குள்ளேயே உச்சுக்கொட்டினேன். சத்தம் தலைமாட்டில் கேட்டது. மருத்துவச்சியின் குரல்.

"ஆயிரம் புள்ளைய அள்ளி எடுத்த கையி
அசங்காமக் கெடக்குதே அம்மிணி!
தங்கமான கைராசி
தரையில சாஞ்சிருச்சே அம்மிணி!"

யாரைப் பாடுகிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. ஏனென்றால் ஆயிரம் என்ன, அந்த மலையில் நான் ஒரு பிள்ளையைக்கூட அள்ளி எடுத்ததில்லை. அடுத்த அடியில் "கீழ்நாட்டு நர்சம்மா" என்று வந்தது. போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

கூட்டம் ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய்விட்டது. மருத்துவச்சி மட்டும் நகரவில்லை. பாதி அடியில் வாய் திறந்தபடியே இருந்தவள், என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "சாகலியா நீயி?" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. இவ்வளவு அழுகையும் வீணாகிவிட்டதே என்ற எரிச்சலும் இருந்தது.

ஊர்க்கவுண்டர், அதாவது அந்த ஊரின் தலைவர், முன்னே வந்தார். "ஏனுங்கம்மா, அப்பச் செத்தது யாருங்க?"

"யாரும் சாகலீங்க."

"கொம்பு ஊதுச்சுங்களே!"

நான் ரெக்கார்டு பெட்டியைத் திறந்து முள்ளை எடுத்துத் தட்டின் மேல் வைத்தேன். ட்ரம்பெட் முனகியது. "இதேதான்! இதேதான்!" என்று வாசல் முழுக்கக் குரல். இது ஆடிப்பாடுகிற பாட்டு, பேட்டரி இல்லாததால் இப்படி அழுகிறது என்று நான் எடுத்துச் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வேறு பிரச்சினை. யாரும் சாகவில்லை என்றால் தீட்டு உண்டா இல்லையா? அந்தக் குளிரில் ஓடையில் முழுக வேண்டுமா வேண்டாமா?

"சாவே இல்லாத ஊட்டுல தீட்டு ஏதுங்க?" என்றார் ஒருவர். பல் அப்போதே தந்தியடித்துக்கொண்டிருந்தது.

கவுண்டர் நெடுநேரம் யோசித்தார். "அது செரி. ஆனா நாம அழுதுட்டமே" என்றார்.

அந்த நேரத்தில் மேட்டுப் பாதையில் ஒரு பெண் தலைதெறிக்க ஓடி வந்தாள். மருத்துவச்சியின் மகள். "அம்மா, அண்ணிக்கு வலி எடுத்துருச்சு! வெரசா வா!" என்றாள். துக்கத்துக்கு வரக் கூடாதென்று மருமகளை வீட்டில் விட்டு, துணைக்கு மகளை வைத்துவிட்டு வந்திருந்தாள் மருத்துவச்சி. இரண்டாவது பிரசவம், அதிக நேரம் பிடிக்காது. எழுந்து ஓடப்போனவளைக் கவுண்டர் கையை நீட்டித் தடுத்தார். அழுதவள் முழுகாமல் வீட்டுக்குள் போகக் கூடாது. ஓடையோ ஊருக்குக் கீழே பள்ளத்தில். அங்கிருந்த பெண்கள் எல்லாரும் அழுதவர்கள்தான்.

எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"நர்சம்மா போலாம்" என்றார் கவுண்டர். "துக்கத்துக்குப் போனவங்களுக்குத்தான தீட்டு? இந்தம்மா எங்க போச்சு? அது ஊட்டுல அது படுத்திருந்துச்சு. அழுகவும் இல்ல."

ஹைகோர்ட்டில்கூட இவ்வளவு சுத்தமான தீர்ப்பு வந்திருக்காது. சளி எங்கே போனதென்று தெரியவில்லை. என் பிரசவப் பெட்டியைக் கவுண்டரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, பின்னால் நான், எனக்குப் பின்னால் எனக்காக அழுத கூட்டம் முழுக்க. பெட்டி தூக்கியவர் வாசலோடு நின்றுகொண்டார். நானும் மகளும் உள்ளே போனோம்.

அடுப்போரத்தில் பெட்டியை வைத்து, வெந்நீர் போடச் சொல்லி, கையைக் கழுவிவிட்டுத் திறந்தேன். உள்ளே கத்தரிக்கோல் இல்லை, நூல் இல்லை. துள்ளலான அந்த ஜாஸ் தட்டு என்னைப் பார்த்துப் பளபளத்தது. மூடிவைத்தால் இரண்டு பெட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும்; அவசரத்தில் கவுண்டர் ரெக்கார்டு பெட்டியைத் தூக்கி வந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கவுண்டரய்யா! உங்களுக்குக் கண்ணு இருக்குதா இல்லையா?" என்று கத்தினேன். வெளியிலிருந்து பதில் சொன்னது மருத்துவச்சி. "எரவாணத்துல என்ற கத்தி சொருகியிருக்குது பாரு! நூலும் அங்கதான்! நல்லாக் கொதிக்க வெச்சு எடு, கொதிக்க வெச்சு எடு!" கதவுக்கு வெளியே முற்றத்தில் நின்றிருந்தாள். ஓடைக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கவும் முடியவில்லை. அதனால் வாயாலேயே பிரசவம் பார்க்க ஆரம்பித்தாள். இடுப்பைத் தடவு, முதுகைப் பிடி, மூச்சை விடு, மூச்சைப் பிடி.

கொம்பு ஊதியது இந்தப் பெட்டிதான் என்று முற்றத்துப் பேச்சில் கேட்டிருந்த மருமகள், என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நர்சம்மா, உங்க காலப் புடிக்கறனுங்க. எங்கத்த சத்தம் கேக்காம அந்த ஊதறதப் போடுங்க."

போட்டேன். அடுப்புச் சூட்டில் கட்டைகளுக்கு உயிர் வந்திருந்தது. அந்த மலைக்கு வந்த பிறகு முதல்முறையாக அந்தத் தட்டு அதன் சொந்த வேகத்தில் ஓடியது. ட்ரம்பெட் குதித்தது, மத்தளம் விரட்டியது, பியானோ எங்கெங்கோ ஓடிப்போய்த் திரும்பி வந்தது. வலிக்கு நடுவில் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் பிள்ளையின் தலை தெரிந்தது. பிள்ளை என் கையில் வந்து விழுந்தது. பெண் குழந்தை, பூசணிப் பிஞ்சு மாதிரி.

ஆனால் அழவில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகைத் தேய்த்தேன். அந்த நேரம் பார்த்துக் கட்டை தீர்ந்தது. ட்ரம்பெட் இழுத்தது, தேய்ந்தது, முனகியது. வெளியே முற்றத்தில் மருத்துவச்சி நெஞ்சில் அடித்துக்கொள்ளும் சத்தம். "ஐயோ, கொம்பு ஊதுதே! என்ற கண்ணு!" என்று அவள் ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தாளோ இல்லையோ, உள்ளே குழந்தை அதைவிடப் பெரிய குரலில் ஆரம்பித்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. இந்த அழுகைக்குத் தீட்டு உண்டா என்று கவுண்டரிடம் கேட்கவில்லை.

ஓடையில் முழுகி, ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டே வந்து பேத்தியை வாங்கினாள் மருத்துவச்சி. தொப்புளைப் பார்த்தாள், நூல் முடிச்சைப் பார்த்தாள், குறை எதுவும் கிடைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா," என்றேன், "ஆயிரம் புள்ளைன்னு பாடினீங்களே. இந்த மலையில எனக்கு இதுதானே முதல் புள்ளை?"

"செத்தவங்களப் பத்திக் கொஞ்சம் கூட்டித்தான் பாடறது" என்றாள் சலிப்பாக. "நீ செத்துப்போயிட்டன்னு நெனச்சேன். எந்திரிச்சு உக்காந்துட்ட. ஊர் முச்சூடும் கேட்டாச்சு. இனி என்ன பண்ணறது?"

பொங்கலுக்கு முந்தின நாள், பனி இன்னும் விலகாத நேரத்தில், அவளே என் வாசலில் வந்து நின்றாள். இரண்டு ஊர் தள்ளி ஒருத்திக்கு வலியாம். கையில் புதுப் பேட்டரிக் கட்டைகள் வைத்திருந்தாள்.

"வா போலாம் அம்மிணி" என்றாள். "நான் பாடுனது பொய்யாயிறக் கூடாது. ஆயிரத்துல ஒண்ணுதான ஆயிருக்குது."