மூன்றாவது ஓலை

எங்கள் சித்தூர் சபையில் கல்யாணம் என்றால் முதலில் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஆராதனை நடுவில், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். எனக்கு வாசித்தபோதும் சொல்லவில்லை. சிரித்தார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் சபையின் கோமாளி. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டைத் தொலைத்துவிட்டுத் தேவதூதனிடம் விசாரிக்கிற மேய்ப்பன் வேடம் வருடா வருடம் எனக்குத்தான். ஒருமுறை, எங்கள் வீட்டுச் சேவல் காணாமற்போன செய்தியை அறிவிப்புகளோடு அறிவிப்பாகப் போதகர் வாயாலேயே வாசிக்க வைத்திருந்தேன். ஆகவே இருபத்தெட்டு வயதான எனக்கும் நாற்பத்து நான்கு வயதான விதவை டீச்சருக்கும் ஓலை என்றதும், இதுவும் சேவல் கதை என்றே எண்ணிவிட்டார்கள். ஆண்கள் பக்கம் கிளம்பிய சிரிப்பு பெண்கள் பக்கமும் பரவியது. ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த டீச்சர் அடுத்த பாட்டைத் தொடங்கினார். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

அவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வேலைக்கு வந்தபோதே நான் திருப்பதியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் நான் படித்ததில்லை. சபைப் பாட்டுக்குழுவில்தான் பழக்கம். என் குரலுக்குப் பின்வரிசையே அதிகம். குழுவில் வயதில் சிறிய எல்லாரையும்போல் என்னையும் "தம்பி" என்பார்.

ஒரு சனிக்கிழமை ஆர்மோனியத்தைப் பழுது பார்க்கத் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். திரும்பும் பஸ் முழுக்க மொட்டைத் தலைகள்.

"டீச்சர், மொட்டை போட்டா யாருக்கு இன்னா வயசுன்னு தெரியல பாருங்க. நாம ரெண்டு பேரும் போட்டுக்கினா எப்படி?"

அவர் சிரிக்கவில்லை. என் ஜோக் எதற்குமே சிரிக்கமாட்டார். அது முடியும்வரை காத்திருந்துவிட்டு, "சரி, இப்ப விஷயத்த சொல்லுங்க" என்பார். அன்றும் அப்படித்தான் சொன்னார். நானும் சொன்னேன். பாகாலா வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்றும் அவருக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் "இங்க பாருங்க" என்பதுதான் என் பெயர்.

விஷயம் வெளியே வந்ததும் ஊரில் விளக்கம் தயாராக இருந்தது. தாயில்லாப் பிள்ளை, தாயைத் தேடுகிறான். நானும் அதை மறுக்காமல் பல நாள் யோசித்துப் பார்த்தேன். என் அம்மா, நான் வாயைத் திறக்குமுன்பே சிரிக்கிறவள். டீச்சரிடம் அவள் சாயல் எனக்கு எங்கேயும் அகப்படவில்லை. நான் வேடிக்கை காட்டாமல் உட்கார்ந்திருக்க முடிந்த ஒரே இடம் அவர் பக்கம்தான். இதை யாரிடம் போய் விளக்குவது?

நைனாவிடம் முயன்றேன்.

"அவளுக்கும் உங்கம்மாவுக்கும் மூணே வயசுடா வித்தியாசம்."

"அதனால இன்னா நைனா?"

"இன்னாவா? எனக்கே கட்டி வச்சிருக்கலாம்." பிறகு கொஞ்சம் தணிந்து, "சின்னப் புள்ள, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

ஓட்டுப் போட என் வயது போதும். கோர்ட்டில் சாட்சி சொல்லவும் போதும். யாரைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல மட்டும் நான் சின்னப் பிள்ளை. டீச்சர் நிலைமை இன்னும் மோசம். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமாம். அதனால் குற்றம் முழுக்க அவருடையதாம்.

இரண்டாவது ஞாயிறு ஓலை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. நிஜம்தான் என்று அதற்குள் தெரிந்துபோயிருந்தது. ஆராதனை முடிந்ததும் கோயில் கிணற்றடியில் டீச்சர் என்னை நிறுத்தினார்.

"திட்டியிருந்தா தாங்கிக்கினு இருப்பேன். சிரிச்சிட்டாங்க."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க."

"உங்களுக்கு நாற்பது ஆவும்போது எனக்கு ஐம்பத்தாறு. அப்பவும் சிரிப்பாங்க. கிழவியாவறது எனக்கு பயமில்ல. அவங்க சிரிக்கும்போது நீங்களும் கூட சேந்து ஒரு ஜோக் அடிப்பீங்க. அதுதான் பயம்."

"அடிக்கமாட்டேன்."

"மனசு கெட்டு செய்யமாட்டீங்க. உங்க வாய் தானா செஞ்சிரும்."

நான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றது அன்றுதான். நான் விஷயத்தைச் சொல்லட்டும் என்று அவர் காத்திருப்பதுபோல் இருந்தது. கடைசியில் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில் ஏறுது, வீட்டுக்குப் போங்க தம்பி" என்றார்.

தம்பி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு அறிவிப்புகள் முடிந்தன. ஓலை வாசிக்கவில்லை. வெளியே வாசலில் ஆண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பாட்டுக்குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவன் தோளில் கை போட்டான்.

"இன்னா மாப்ள, ஓலைய காணோம்?"

"சேவல் துன்னுட்டுது."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்த டீச்சர் நின்றார். வழக்கம்போல, ஜோக் முடியட்டும் என்று. ஏதாவது சொல்லிவிடலாம் என்றுதான் திரும்பினேன். ஆனால் என் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.