மூணாவது கியரில் போடிமெட்டு

இன்ஜினைக் கையால் தொடாமலே இன்ஜின் வேலை பார்க்கிற தொழில் ஒன்று உண்டு. தேனியில் நாலு வருஷம் அதைத்தான் பார்த்தேன். ஒரு லேப்டாப், ஒரு கேபிள், அவ்வளவுதான் என் பட்டறை. எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருப்பார்கள். அதைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் வண்டி கூடுதலாக இழுக்கும். அதற்குப் பெயர் ரீமேப்.

இப்போது இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்து, யார் யாரோ இடித்த கார்களின் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிம்மதியான வேலைதான். ஆனாலும் அந்த நாலு வருஷத்தை நினைத்தால் மனசு ஏங்கத்தான் செய்கிறது. கார் வாங்கிய நாள் முதல் 'இதைப் போடலாமா, அதை ஊற்றலாமா' என்று தூக்கம் கெட்டுக் கிடக்கும் என் இனத்தாரே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வழி தெரியாத வண்டி

என் முதல் வாடிக்கையாளர் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த பெரியவர். நான் கேபிளைச் சொருகி வேலை பார்த்த நேரமெல்லாம் டாஷ்போர்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்றதும், "எங்கப்பா மேப்பு? குமுளிக்குக் குறுக்கு வழி காட்டும்னாகளே!" என்றார்.

இது ரோடு மேப் இல்லை, இன்ஜினுக்கான மேப் என்று அரை மணி நேரம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு என் தோளில் தட்டினார். "சரி விடு. எனக்கு வழி தெரியும், வண்டிக்குத்தான் தெரியாமக் கெடந்துச்சு. அதுக்கு நீ சொல்லிக் குடுத்தேன்னு வச்சுக்கிறேன்."

சனிக்கிழமை எண்ணெய்

சின்னமனூரில் ஒரு டீச்சரம்மா. சின்ன பெட்ரோல் கார். டர்போ இல்லாத அந்த வண்டிக்கு ரீமேப் செய்தாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது என்று நானே திருப்பி அனுப்பியதால் என் மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை. ஒரு சனிக்கிழமை குச்சனூர் போகிற வழியில், பெட்ரோல் பங்க்கில் பார்த்தேன். பிரீமியம் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், உங்க வண்டி புஸ்தகத்துல சாதாரண பெட்ரோலே போதும்னுதான் போட்டிருக்கு. இதனால வேகமும் கூடாது, மைலேஜும் பெருசாக் கூடாது" என்றேன். மற்ற நாட்களில் சாதாரண பெட்ரோல்தான் போடுவதாகச் சொன்னார். சனிக்கிழமை மட்டும் பிரீமியமாம். எனக்குத் தலை சுற்றியது.

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சனிக்கிழமை எண்ணெய் வாங்கக் கூடாதுன்னு எங்க மாமியார் சொல்லுவாக. பெட்ரோலும் எண்ணெய்தானே தம்பி? இது பிரீமியம். இத யாரும் எண்ணெய்னு சொல்ல மாட்டாக."

பஞ்சு

போடி டாக்சி ஸ்டாண்டில் பால்பாண்டி அண்ணன் என்று ஒருவர். பழைய டீசல் கார். பூப்பாறை, மூணாறு என்று ஆள் ஏற்றிப் போய்ப் பிழைப்பவர். எங்கள் பக்கத்தில் ஒரு வண்டி நல்ல வண்டியா என்று கேட்டால் மைலேஜ் சொல்ல மாட்டார்கள். போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை எந்த கியரில் ஏறும் என்றுதான் சொல்வார்கள். அண்ணன் வண்டி ஃபுல் லோடில் முக்கி முனகி முதல் கியரில் ஏறியது. பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனான். அப்புறம் சவாரியும் அவர்களுக்கே போனது.

"இதான் கடைசி. மெட்டு ஒழுங்கா ஏறலைன்னா வண்டிய வித்துத் தள்ளிட்டு, மச்சான் கூப்பிடுற திருப்பூருக்கே போயி கம்பெனி வேன் ஓட்டப் போறேன்" என்று என்னிடம் வந்து நின்றார். சொல்லும்போது வண்டியைப் பார்க்கவில்லை. திருப்பூர் என்ற வார்த்தை அவர் வாயில் கசந்தது.

கேபிளைச் சொருகும் முன், இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டுகிற ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். அவர் வண்டி நிறுத்துவது இலவம்பஞ்சு குடோன் பக்கத்தில். ஃபில்டருக்குள் ஒரு தலையணை தைக்கும் அளவுக்குப் பஞ்சு அடைத்திருந்தது. அதை மாற்றினேன், டயருக்குக் காற்று அடித்தேன், பிறகு மேப்பை ஏற்றினேன். திரையில் பச்சைக் கோடு நூறு வரை ஓடி முடிந்தது. மறுநாள் மத்தியானம் மெட்டு உச்சியிலிருந்து போன். காற்று இரைச்சலுக்கு மேல் கத்தினார்: "ஏலே தம்பி! அஞ்சு பேரு, அத்தனை பேருக்கும் பெட்டி! மூணாவது கியரு! மூணாவது கியருல ஏறிருச்சுலே!"

ரெண்டு ஃபைல்

அடுத்த வாரம் லேப்டாப்பைச் சுத்தம் செய்யும்போதுதான் பார்த்தேன். வண்டியில் ஏற்கெனவே இருந்த ஒரிஜினலுக்கு 'போடி 1' என்றும், நான் மாற்றி எழுதியதற்கு 'போடி 2' என்றும் பெயர் வைத்திருந்தேன். அன்று நான் ஏற்றியது 'போடி 1'. இருந்ததை எடுத்து, இருந்த இடத்திலேயே பத்திரமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். அதற்குள் அண்ணன் திருப்பூருக்கு 'வரலை' என்று சொல்லிவிட்டார். ஸ்டாண்டில் இன்னும் மூன்று பேர் என் மேப்புக்காகக் காத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அந்த மனுஷனுக்குத் திரும்பவும் மனசு விட்டுப்போய்விடுமோ என்று ரெண்டு நாள் மென்று முழுங்கினேன்.

மூன்றாம் நாள் போடிக்குப் போய், டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். "ஏறுனது மேப்புனால இல்லண்ணே. பஞ்ச எடுத்ததுதான். மீதி, ஏறும்னு நம்பி நீங்க தைரியமா மிதிச்சது. தப்பு என்னுது. சரியான ஃபைல இப்பவே ஏத்தித் தாரேன்" என்று லேப்டாப்பைத் திறந்தேன். அவர் டீயைக் கீழே வைத்தார். காத்திருந்த மூன்று டிரைவர்களும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அடி விழும் என்றே நினைத்தேன். அண்ணன் எட்டி என் லேப்டாப்பை மூடினார். "போங்கடா, மொதல்ல பஞ்சப் பாருங்கடா" என்று அவர்களை விரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "அப்ப மேப்பு வண்டியில ஏறலை, என் மண்டையிலதான் ஏறிருக்கு. அங்கனயே இருக்கட்டும்லே, அழிச்சிராத."

நாலு வருஷத்தில் எத்தனையோ வண்டிகளுக்கு மேப் ஏற்றினேன். போடியில் இன்றைக்கும் எனக்கு ஒரு பேர் இருக்கிறதென்றால், அது ஏற்றாமல் விட்ட அந்த ஒன்றால்தான்.